படையலுக்கு ஆகாத பழம்

பேருந்திலிருந்து இறங்கும் அவசரத்தில் தக்சு ஒரு கிழவரின் காலை மிதித்துவிட்டான்.

"ஐயோ, என் குத்தம்ங்க, என் குத்தம்" என்றான்.

கொரியாவின் அந்தத் தென்பக்கத்து ஊர்களில் இது தும்மல் மாதிரி தானாக வரும். காலை மிதித்தால் என் குற்றம், கடையில் வழியை மறித்தால் என் குற்றம், கதவைத் தட்டினாலும் என் குற்றம். அந்தச் சொல்லுக்குள் குற்றம் என்று ஒன்று உட்கார்ந்திருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தக்சு மட்டும் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். கண்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னான். சொல்ல வேண்டிய ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த ஒருவர் செத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருக்குப் படையல் போடத்தான் இப்போது வந்திருக்கிறான்.

வழியெல்லாம் பீச் தோட்டம். கோடை வெயிலில் பழுத்த பழங்களின் வாசனை தொண்டைவரை இறங்கியது. தோட்டம் முழுவதும் செத்துப்போன அந்த அண்ணன் மன்ஹோவுடையது. தக்சு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த கிளையிலிருந்து இரண்டு பழங்களைப் பறித்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டான்.

ஆவிக்குப் பீச் பழம் ஆகாது. அது இருக்கும் வாசலைச் செத்தவர்கள் தாண்ட மாட்டார்கள். அதனால்தான் பீச் பயிரிட்டே வயிறு வளர்த்த அந்தக் குடும்பத்தில்கூடப் படையல் நாளில் ஒரு பழம் வீட்டுக்குள் வராது.

அண்ணி ஒக்சுன் முற்றத்தில் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். படையல் சாப்பிட வருகிற ஆவியின் கழுத்தில் கொடி மாட்டிவிடக் கூடாதே.

"வாங்க தம்பி. என்ன, முதுகு இப்படி வளைஞ்சு கிடக்கு? பட்டணத்துல மூட்டை தூக்குறீங்களா?"

"ஒரு வருஷமா வலி, அண்ணி. எந்த மருந்துக்கும் கேக்கல. வர லேட்டாயிடுச்சு, என் குத்தம்தான்."

"ஆரம்பிச்சிட்டீங்களா? உங்க குத்தத்தை எல்லாம் கூட்டிப் போட்டா இந்த வீட்டுல இடம் பத்தாது. போய்க் கை கழுவுங்க. உங்க அண்ணன் பிள்ளை இல்லாத மனுஷன், நீங்கதான் மது ஊத்திக் கும்பிடணும்."

அவள் அடுப்பங்கரைக்குள் போனதும், தக்சு தெருவாசல் படிப் பலகைக்கு அடியில் அந்தக் கைக்குட்டையைத் திணித்தான். மனசு லேசானது. இனி அண்ணன் உள்ளே வர முடியாது. கும்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்துவிடலாம்.

அந்த மனிதரைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை. எப்படி இருக்கும்?

ஊருக்குத் தெரிந்த கதை, மருந்தடிக்கும் வண்டி சரிவில் தானாகப் பின்னால் உருண்டு அண்ணனை நசுக்கியது என்பது. நடந்தது வேறு. கூலி ஆட்களுக்கு முன்னால் அண்ணன் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "தண்டச்சோறு" என்றார். ஆட்கள் சாப்பிடப் போன பிறகு, வண்டிக்குப் பின்னால் குனிந்து குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். தக்சு வண்டியில் ஏறிப் பின்னால் விட்டான். எலும்பு நொறுங்கும் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முன்னால் எடுத்துத் திரும்பிப் பார்த்தபோது, மார்பு அப்பளமாக நொறுங்கிய நிலையில் அண்ணன் கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் ரத்தம் குமிழிட்டது.

தக்சு மறுபடியும் பின்னால் விட்டான்.

முதல் முறை கோபத்தில். இரண்டாம் முறை பயத்தில்.

பொழுது சாயும்போது படையல் தயாராகியிருந்தது. சோறு, சூப்பு, வறுத்த மீன், பேரிக்காய். பின்னால் மடிப்புத் திரை. ஊதுபத்தி கொளுத்தி, சோற்றில் கரண்டியை நட்டுவைத்தார்கள். செத்தவர் தனியாக இருந்து சாப்பிடட்டும் என்று இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

முற்றத்தில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

உள்ளே கிண்ணத்தில் கரண்டி உரசியது.

ஒக்சுன் அவன் கையைப் பிடித்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "வந்துட்டாரு" என்று கிசுகிசுத்தாள்.

"பூனையா இருக்கும், அண்ணி."

"இந்த வீட்டுல ஏது பூனை?"

உள்ளே நுழையும் முன் இருமிக் குரல் கொடுப்பது வழக்கம். தக்சு இருமினான்.

உள்ளேயிருந்து ஒரு இருமல் பதில் கொடுத்தது. வருடக்கணக்காகப் பூச்சிமருந்து அடித்துக் கெட்ட நெஞ்சிலிருந்து வரும், சளி கட்டிய இருமல். அண்ணனுடைய இருமல்.

ஓடிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் ஒக்சுன் கதவைத் திறந்துவிட்டாள். அறையில் யாரும் இல்லை. கிண்ணத்தில் பாதிச் சோறு இல்லை. ஊதுபத்தி வாசனையை அமுக்கிக்கொண்டு டீசல் வாடை.

"கும்பிடுங்க தம்பி" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.

கால்கள் தாமாக மடங்கின. தக்சு நெற்றி தரையில் படும்படி விழுந்து கும்பிட்டான்.

எழுந்திருக்க முடியவில்லை.

முதுகின் மேல் ஏதோ ஏறியது. மெதுவாக, நிதானமாக.

காதோரம் ஈரமான மூச்சு.

"உன் முதுகுலதானேடா பஸ்ல வந்தேன். ஒரு வருஷமா அங்கதான் இருக்கேன். இன்னைக்கு சாப்பிட்டுட்டுப் போயிடலாம்னு பாத்தேன். வாசல்ல பழத்தை வச்சு அடைச்சிட்டியே தம்பி."

பாரம் கூடியது. நெற்றி தரையில் அழுந்தித் தோல் கிழிந்தது. விலா எலும்பு ஒன்று படக்கென்று முறிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"போதும், எழுந்திருங்க" என்றாள் ஒக்சுன். அண்ணன்மேல் இத்தனை பாசமா என்று உருகிப்போயிருந்தாள். அப்புறம்தான் தரையில் ஓடும் ரத்தத்தைப் பார்த்தாள்.

"அண்ணே... என் குத்தம்..." தக்சுவின் வாயிலிருந்து ரத்தத்தோடு சொல் வந்தது. "நான்தான் வண்டியை விட்டேன்... ரெண்டு தடவை விட்டேன்... என் குத்தம்ணே..."

ஒக்சுன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலில் நடுக்கம் இல்லை.

"ரெண்டு தடவையா?"

"ஆமா."

"ரெண்டாவது தடவை விடும்போது அவருக்கு உசிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு... என்னைப் பாத்துக்கிட்டிருந்தாரு."

அவள் எழுந்து கோப்பையில் மதுவை ஊற்றிப் படையலில் வைத்தாள். புருஷனுக்கு முன்னால் கும்பிட்டாள். அவன் கதறுவதைக் கேட்டபடி, ஊதுபத்தி முழுவதும் எரிந்து அடங்கும்வரை சும்மா இருந்தாள். பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

வந்தவர்கள் இரண்டு தடியர்கள். தக்சுவைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி வாரால் கட்டித் தூக்குவதற்குள் அவர்களுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒல்லியா இருக்காரு, என்ன கனம் கனக்குறாரு!" என்றான் ஒருவன்.

தெருவாசலில் படுக்கை நின்றுவிட்டது. எதிரே எதுவும் இல்லை. ஆனால் சுவரில் முட்டியதுபோல் நின்றது. தள்ளினார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். நகரவில்லை.

ஒக்சுன் மோந்து பார்த்தாள். பழுத்த பீச் வாசனை. குனிந்து படிப் பலகைக்கு அடியில் கைவிட்டாள். கைக்குட்டை வந்தது, உள்ளே இரண்டு பழங்கள். அந்த ஊர்ப் பெண்ணுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"எடுக்காதீங்க அண்ணி" என்று தக்சு முனகினான். "அவரு என்மேலயேதான் இருக்காரு... எடுத்தா கூடவே வந்துடுவாரு."

"அவரு எங்க போகணுமோ அங்க போகட்டும்" என்றாள். பழங்களை மதில் தாண்டி வீசினாள்.

படுக்கை வழுக்கிக்கொண்டு வெளியே போனது. அதை ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

"கூட யாரும்மா வர்றீங்க?" என்று கேட்டான் ஆம்புலன்ஸ்காரன்.

"அவரு அண்ணன் வர்றாரு."

அவன் முற்றத்தைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. தோளைக் குலுக்கிவிட்டு, வண்டியின் பின்கதவைச் சாத்தக் கையை நீட்டினான்.

அதற்குள் அதை உள்ளேயிருந்து யாரோ இழுத்துச் சாத்திக்கொண்டார்கள்.