உப்புக்கோடு

திங்கட்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஆனி ரோஸ் அந்தக் கோட்டைப் பார்த்தாள். கூடத்துச் சுவரில், கணுக்கால் உயரத்தில், தண்ணீர் நின்று வற்றியது போல வெளிறிய ஒரு கோடு. அது வாசல் நிலையில் தொடங்கி, டிவி மேசைக்குப் பின்னால் நுழைந்து, சமையலறையைச் சுற்றி, மகள் சிந்துவின் அறைக்குள்ளும் போய்விட்டு மறுபடி வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டோமோ என்று நினைத்தாள். தரை காய்ந்து கிடந்தது. பெரம்பலூரில் மழை பெய்து ஐந்து வாரமாகியிருந்தது.

மறுநாள் மாலை கொத்தனார் பழனிவேலை வரச் சொன்னாள். இந்த வீட்டுக்குத் தளம் போட்டவர் அவர்தான். அவர் வந்தபோது முழங்கால் உயரத்தில் இரண்டாவது கோடு விழுந்திருந்தது.

குத்த வைத்து உட்கார்ந்து சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். "மண்ணுலேருந்து வர்ற ஓதம்னா திட்டுத் திட்டா ஏறும் டீச்சர். ஒரு எடத்துல கூட, ஒரு எடத்துல கொறச்சலா. இது அப்படி இல்ல. உங்க வூட்டுத் தரை வாசப்பக்கம் சரிவு, நான்தான் சரிவு குடுத்தேன். ஆனா கோடு பாருங்க, ரசமட்டம் வச்சாப்ல நிக்குது. தண்ணி நின்னாதான் இப்படி விழும்."

"எங்க நின்னுது? ஒரு சொட்டு ஈரம் இல்லையே."

அவர் கோட்டை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார். முகம் மாறியது. "உப்பு," என்றார்.

"போர் தண்ணியும் உப்புதானேங்க," என்றாள்.

"அந்த உப்பு இல்லீங்க. வேளாங்கண்ணிக்குப் போயி கால நனைச்சிட்டு வந்தா, மறுநா செருப்புல பூத்திருக்குமே, அது."

மர பீரோவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த புடவைகளின் மடிப்புகளிலும் அதே கோடு, சுவரில் விட்ட இடத்திலிருந்து ஓர் இம்மி பிசகாமல் போயிருந்தது. அவள் போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே பழனிவேல் கிளம்பிவிட்டார்.

"பெயிண்ட் அடிச்சா போயிடும்மா," என்றாள் சிந்து, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

ஆனி ரோஸ் கோடுகளையே பார்த்தாள். கணுக்கால். முழங்கால். அடுத்தது எது என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வரதராஜன்பேட்டையில் பிறந்த அவள் கணவன் பிலவேந்திரன் சமையல் வேலைக்குக் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவுக்குப் போனபோது சிந்துவுக்கு ஏழு வயது. கடற்கரை ஓட்டலில் வேலை. ஓட்டலுக்குப் பின்னால் தாழ்வான ஒரு கட்டடத்தில், தரைத்தளத்தில், தங்குவதற்கு ஓர் அறை. மூன்றாவது வருஷம் செப்டம்பரில் அந்தப் புயல் வந்தது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே யாரும் கவனிக்காத ஒரு மேகக் கூட்டமாகப் பிறந்து, வெதுவெதுப்பான கடலைக் குடித்துக் குடித்துப் பெருத்து, அட்லாண்டிக்கின் குறுக்கே பத்து நாள் நடந்து, மணிக்கு இருநூற்றெழுபது கிலோமீட்டர் காற்றோடு நடுராத்திரியில் அந்தத் தீவின் மேல் ஏறியது. விடிந்தபோது பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கூரை இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் பச்சை என்பதே இல்லாமல் தீவு முழுவதும் தீய்ந்துபோன மாதிரி பழுப்பாகக் கிடந்தது. இருந்த சனங்களைக் கப்பலில் ஏற்றி வேறு தீவுக்குக் கொண்டுபோனார்கள். செத்தவர்களை எண்ணி முடிக்கவில்லை. அந்தப் புயலின் பெயரை இனி எந்தப் புயலுக்கும் வைப்பதில்லை என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பிலவேந்திரனின் உடல் கிடைக்கவில்லை.

இவ்வளவும் ஏழு வருஷமாக அவள் செல்போனில் தேடித் தேடிப் படித்தது. ஒன்றை மட்டும் படிக்கத் தேவையிருக்கவில்லை. அங்கே நடுராத்திரி தாண்டி ஒரு மணி பத்து நிமிடம் என்றால் இங்கே காலை பத்து நாற்பது.

அன்றைக்கு அவள் தேர்வு அறையில் கண்காணிப்பாளராக இருந்தாள். கையில் போன் இருக்கவே கூடாது. அது அதிர்ந்ததும் எடுத்துக்கொண்டு போய், வராந்தாவில் நின்று காதில் வைத்தாள்.

"ரோசு, கணுக்கால் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. மேட்டுல இருக்கிற சர்ச்சுக்கு வரச் சொல்றானுவோ. போவட்டா, இங்கயே கெடக்கட்டா? ஒண்ணும் புரியல."

"பரீட்சை ஹால்ல இருக்கேங்க. எச்.எம். வர்றாரு. முடிஞ்சதும் பேசுறேன், அதுவரைக்கும் அங்கயே இருங்க."

அவ்வளவுதான். போனை அணைத்துக் கைப்பையில் போட்டாள். ஒரு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது இரண்டு குரல் செய்திகள் இருந்தன. முதலில், முழங்காலுக்கு வந்துவிட்டது என்றான். இரண்டாவதில், காற்றின் இரைச்சலுக்கு நடுவே, இடுப்பு என்றான். மற்றவர்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள் என்றான். போனவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அன்று இரவே அவள் அந்தச் செய்திகளை அழித்தாள். புயலுக்கு முந்தின நாள்தான் கடைசியாகப் பேசினார் என்று மாமியாரிடம் சொன்னாள். போலீசில் சொன்னாள். சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட வேறு மாதிரி சொல்லவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை அதையே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதி உத்தரவிடக் கேட்டு வக்கீல் அறிவரசன் மனு தயார் செய்திருந்தார். அந்த உத்தரவு வந்தால்தான் வாரிசுச் சான்றிதழ். அது இருந்தால்தான் சிந்துவின் மேல்படிப்புக் காரியங்கள் நகரும்.

புதன்கிழமை மாலை மூன்றாவது கோடு. இடுப்பளவு. சுவரில் தாழ்வாக மாட்டியிருந்த நாட்காட்டியின் கீழ்ப்பாதி அலையலையாக நெளிந்திருந்தது.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். சிந்து தேர்வுக்குப் போனபின் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக் கூடத்துக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் தார்ச்சாலையில் கொதித்தது. எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. துறையூர் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பத்தரைக்கு மேல் ஒரு வாசனை வந்தது. முதலில் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி, பிறகு டீசலும் அழுகிய பாசியும் கலந்த மாதிரி, பிறகு மூக்குக்குள்ளேயே உப்பு ஏறி எரிகிற மாதிரி.

பிறகு காற்று. அது ஜன்னல் வழியாக வரவில்லை. சுவருக்குள்ளிருந்து வந்தது. செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே எங்கோ வெகுதூரத்தில், ஓயாமல் ஒரே தொண்டையில் ஊளையிடுகிற காற்று. நடுநடுவே தகரம் கிழிபடும் சத்தம், மரம் முறியும் சத்தம். வேப்பமரம் அசையாமல் நின்றது. கண்ணெதிரே சுவரின் வெள்ளை கீழிருந்து மெல்ல நிறம் மாறிக்கொண்டு வந்தது. இடுப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தாள். கட்டில் காய்ந்துதான் இருந்தது. ஆனால் அவள் முந்தானை மடியிலிருந்து தானாக எழும்பி, விரிந்து, முகத்துக்கு நேரே மிதந்துகொண்டிருந்தது.

"நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு ரோசு."

காதுக்குப் பக்கத்தில். அதே கரகரப்பு. இந்தச் செய்தியை அவன் அனுப்பவே இல்லை. அனுப்பியது இடுப்போடு முடிந்துவிட்டது.

"பரீட்சை முடிஞ்சிதா?"

அவள் கத்தியதாக நினைத்தாள். சத்தம் வரவில்லை. முந்தானை மடியில் விழுந்தது. காற்று நின்றது. சுவரில் நெஞ்சளவில் நான்காவது கோடு, இன்னும் ஈரமாக.

வெள்ளிக்கிழமை சிந்துவுக்குத் தேர்வு இல்லை. காலையிலேயே அவளை ஸ்கூட்டியில் ஏற்றி, நான்கு தெரு தள்ளியிருந்த தோழி அனிதாவின் வீட்டில் விட்டாள்.

"அம்மா வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கணும். வீட்டுப் பக்கம் போகாத."

"ஏம்மா?"

"செவுத்துல வேல நடக்குது."

வக்கீல் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியில். அறிவரசன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்: "‘மேற்படி பிலவேந்திரன் என்னிடம் கடைசியாகப் பேசியது புயலுக்கு முந்தின நாள் மாலை. அதன்பின் நேரிலோ தபாலிலோ தொலைபேசியிலோ அவரிடமிருந்து எனக்கு எவ்விதத் தகவலும் இல்லை.’ சரிதானுங்களே டீச்சர்?"

அவள் தாளையே பார்த்தாள். "சார், இதுல ஒரு வார்த்த மாத்தணும்னா?"

"மாத்தலாம். ஆனா ஏழு வருஷமா நீங்க குடுத்த மனு எல்லாத்துலயும் இதேதான் இருக்கு. இப்ப மாத்துனா, அப்ப ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாங்க. சொல்லுங்க, எதை மாத்தணும்?"

சொல்லிவிடலாம். இரண்டு வரி. அங்கேயே இருங்க என்று சொன்னது நான்தான் சார். நாக்கு நுனி வரை வந்தது. அந்தத் தாள் ஊரில் யார் யார் கைக்குப் போகும், மாமியார் என்ன கேட்பாள், சிந்து எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க சார். சரியாதான் இருக்கு."

கையெழுத்துப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

வீட்டுக்கு வந்து பூட்டில் சாவியைப் போட்டபோது கதவு பூட்டாமலே சும்மா சாத்தியிருந்தது தெரிந்தது. தள்ளினாள். கூடத்தில் ஒரு கோடும் இல்லை. கணுக்காலில் இல்லை, முழங்காலில் இல்லை, இடுப்பில் இல்லை, நெஞ்சில் இல்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி சுவர் வெளேரென்று இருந்தது. வாசனை இல்லை. சுவரில் சாய்ந்து, "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்து அழுதாள். விட்டுவிட்டான். கையெழுத்துப் போட்டதும் போய்விட்டான்.

அழுது ஓய்ந்தபோதுதான் அமைதி உறைத்தது. ரோட்டில் பஸ் சத்தம் இல்லை. காக்கை இல்லை. மின்விசிறி சுழன்றது, அதற்கும் சத்தம் இல்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டு வலித்தது.

இப்படி ஓர் அமைதியைப் பற்றி அவள் படித்திருந்தாள். பிழைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். புயலின் நட்டநடுவில் அதன் கண் இருக்கும். அது தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், காது அடைக்கும், மேலே நட்சத்திரம் தெரியும். முடிந்துவிட்டது என்று நினைத்து ஒளிந்திருந்தவர்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்துக் காற்று வரும். அது கடலைத் தூக்கிக்கொண்டு வரும். செத்தவர்களில் பெரும்பாலானோர் அந்த இரண்டாவது பாதியில்தான் செத்தார்கள்.

வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே சிந்துவின் செருப்பு.

"சிந்து?"

குரல் வாயை விட்டு வெளியே போகவில்லை.

தன்னிடமிருந்த சாவியால் திறந்து எதற்கோ வந்திருக்கிறாள். புத்தகம் எடுக்க. நோட்டு எடுக்க. வந்துவிட்டு அனிதா வீட்டுக்கே போயிருப்பாள். வெறுங்காலோடா?

மகளின் அறைக்கதவு மூடியிருந்தது. அதன் கீழ் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. வெயிலின் மஞ்சள் இல்லை. பச்சை. அது மெல்ல அசைந்தது.

நடந்தாள். ஆறு அடி. ஐந்து. கைப்பிடி பனிக்கட்டி போலிருந்தது. திருகினாள். கதவு தானாக உள்பக்கம் விலகியது. அவசரமே இல்லாமல். மிக மெதுவாக.

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் கடல் நின்றது.

தரையிலிருந்து கூரை வரை. கண்ணாடிப் பாளம் போல. ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வழியவில்லை. அதற்குள் கட்டில் மிதந்தது. புத்தகங்கள் பக்கங்களை விரித்து, மீன்களைப் போல மூடி மூடித் திறந்து, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. அறையின் நடுவில், தரையில் கால் படாமல், சிந்து நின்றாள். பின்னல் அவிழ்ந்து கூந்தல் மேலே பரவியிருந்தது. கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது.

அவள் தோள்மேல் பின்னாலிருந்து ஒரு கை. ஊறி வெளுத்து, நகம் உதிர்ந்த கை. குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல அது அவளைத் தட்டிக்கொண்டிருந்தது.

சிந்து சிரித்தாள். அவள் வாய் அசைந்தது. சத்தமில்லாமல், நிதானமாக, நிறுத்தாமல். யாரோ காதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையாக அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த உதட்டசைவில் ஆனி ரோஸ் தன் வார்த்தைகளையே படித்தாள்: அதுவரைக்கும் அங்கயே இருங்க.