ஆடிய காந்தாரம்

முதலில் அவள் பார்த்தது அவனுடைய கால்களைத்தான்.

மழைக்குப் பயந்து அரை மணி நேரம் முன்னதாகவே ஒத்திகை அரங்குக்குள் ஓடி வந்தவள், குடையை மடக்கியபடியே நடந்து... பியானோவுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களில் தடுக்கி, விழாத குறையாகப் பியானோவைப் பிடித்துக்கொண்டாள். கை பட்டது கட்டைகளின் மேல். அரங்கமே அலறியது.

"ஐயையோ!"

"அதை நான்தான் சொல்லணும்," என்றது பியானோவின் அடியிலிருந்து ஒரு குரல். "மிதிபட்டது என் காலு."

"காலை நீட்டிப் படுக்க உங்களுக்கு இதான் எடமா கெடைச்சுது?"

"பெடல் கீழதானேங்க இருக்கு? மேல வெச்சிருந்தா நானும் மேலயே படுத்திருப்பேன்."

பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் ஊர்ந்து வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தான். மூக்கு நுனியில் கறுப்பாகத் தூசு. கலைந்த முடி. உதடு சிரிக்கும் முன்பே சிரித்துவிட்ட கண்கள்... சொல்ல வந்தது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோனது.

சே, இருபத்தொன்பது வயசில் இதென்ன காலேஜ் பெண் மாதிரி!

அவன் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன். மாதம் ஒருமுறை அந்த அரங்குக்கு வருவானாம், அவள்தான் பார்த்ததில்லை. ஒரு கட்டையைத் தட்டி, "இது சேந்திருக்கா, சொல்லுங்க?" என்றான்.

"இல்ல. ஒரு மயிரிழை கம்மி."

"அட!" புருவம் உயர்ந்தது. "இதுவரைக்கும் நான் கேட்ட யாரும் கண்டுபிடிச்சதில்ல."

அந்த "அட" அன்று வீட்டுக்குப் போகும் வரை அவள் காதில் இருந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் பாட்டுப் பள்ளியில் அவள் டீச்சர். பதினாறு வருடம் ராகமும் தாளமுமாகக் கற்றவள். சேர்ந்திசைக் குழுவில் அவளுக்குச் 'சுருதிப்பெட்டி' என்று பட்டப்பெயர், அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. நாற்பது பேர் கொண்ட குழு அது. பாதிப் பேர் ராகம் படித்தவர்கள், மறுபாதி மேற்கத்திய முறையில் ஐந்து கோட்டு இசைத் தாளைப் பார்த்துப் பாடிப் பழகியவர்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே பாட்டில் கலப்பது குழுவை நடத்தும் மாஸ்டரம்மாவின் வேலை. கலந்தது போக மீதி நேரமெல்லாம் சண்டைதான்.

ஆண் குரல்களில் ஒன்று குறைகிறது என்று மாஸ்டரம்மா புலம்பிக்கொண்டிருந்த நேரம். பியானோவைத் துடைத்தபடியே அவன் முணுமுணுத்த பாட்டு அவர் காதில் விழ, கையோடு பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டார். நிறுத்திய இடம் சுருதிப்பெட்டிக்கு நேர் பின்னால்!

"டீச்சர், தப்பாப் பாடினா முதுகாலயே மொறைப்பீங்களா?"

"தப்பாப் பாடிப் பாருங்க, தெரியும்."

"பயமா இருக்கே..."

"இருக்கட்டும்."

அதே குழுவில் பாடும் அவள் அக்கா பக்கத்தில் நின்று இடித்தாள். "என்னடி, ஒத்திகைக்குப் புதுசா மையெல்லாம் வெச்சுக்கிட்டு வர்றே?" அவள் தாளில் முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்த இரண்டு வாரம்... அவள் வாழ்க்கையில் ஒத்திகை நாளான புதன்கிழமை அவ்வளவு மெதுவாக வந்ததே இல்லை.

பிறகு அந்த நாள் வந்தது.

தோடி ராகத்தில் அமைந்த பாட்டு. கடைசியில் எல்லாக் குரலும் ஒன்றாக வந்து நிற்கும். ஆண்கள் கீழே ஸட்ஜமும் பஞ்சமமும் பிடிக்க, அவளும் அக்காவும் இருக்கும் பெண்கள் வரிசை நடுவில் காந்தாரத்தைப் பிடிக்க வேண்டும். எட்டு எண்ணிக்கை... ஆடாமல், அசையாமல், இழுத்துக் கட்டிய கயிறு போல. தோடியின் காந்தாரத்தை ஆட்டித்தான் பாட வேண்டும் என்று பதினாறு வருடம் கற்றவர்களுக்கு அது லேசான காரியமில்லை. ஆனால் தன்னால் முடியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஐந்தாம் எண்ணிக்கையில் எங்கேயோ ஒரு குரல் ஆடியது. மாஸ்டரம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யார் அது?"

மறுபடி பாடினார்கள். மறுபடி ஆடியது. அவளுக்குத் தெளிவாகக் கேட்டது... பின்னாலிருந்துதான். நிச்சயமாகப் பின்னாலிருந்துதான். திரும்பினாள். வேடிக்கையாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள்.

"மேடம், நம்ம பியானோக்காரர்தான். ஊர் பியானோவுக்கெல்லாம் சுருதி சேக்கறார், அவருக்கு யாராவது சேத்தாத் தேவலை!"

நாற்பது பேரும் சிரித்தார்கள். "சுருதிப்பெட்டி சொன்னா தப்பாதுப்பா!" என்று யாரோ கை தட்டினார்கள். அவளும் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு மாஸ்டரம்மாவைப் பார்த்து, "நானா இருக்கலாம் மேடம்... மன்னிச்சிடுங்க," என்றான்.

"கச்சேரிக்கு மூணு வாரம்தான் இருக்கு. நீங்க இந்தத் தடவை பாட வேணாம், உக்காந்து கேளுங்க," என்றார் மாஸ்டரம்மா.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

மறுநாள் காலை. பயிற்சிக்காக அக்கா தன் போனில் பதிவு செய்திருந்ததை இருவரும் கேட்டார்கள். ஐந்தாம் எண்ணிக்கை வந்தது. குரல் ஆடியது. அது பின்னாலிருந்து வரவில்லை... அது ஆண் குரலே இல்லை.

அக்கா பாதியில் நிறுத்தினாள். "ஏய்... இது..."

"திரும்பப் போடு."

நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் அது அவளேதான். பதினாறு வருடப் பழக்கம், தொண்டைக்குள் அவளுக்கே தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. காது சுட்டது. கழுத்து வரை சுட்டது. தப்பாகப் பாடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பு? கை தட்டியபோது, ஏதோ சாதித்தவள் போலச் சிரித்தாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"விடுடி," என்றாள் அக்கா. "அவரே ஒத்துக்கிட்டார். நீ போய் வாயைக் குடுத்தேன்னு வெச்சுக்க, குழுவுல முக்கால்வாசிப் பேர் வீட்டுப் பசங்க நம்மகிட்டதான் படிக்குது. 'டீச்சருக்கே சுருதி நிக்கல'ன்னு பேசுவாங்க. அப்பா மொகத்தை நெனைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். அப்பா முகத்தை நினைத்தால் வாய் அடைத்தது. அவன் முகத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அடுத்த புதன் அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற அளவு காலி இடம். அதற்கடுத்த புதனும். அவள் காந்தாரத்தைப் பாடாமல் வாயை மட்டும் அசைத்தாள். "பாத்தீங்களா, அவர் போனதும் சரியாயிடுச்சு!" என்றார் ஒருவர். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பேசவில்லை. மை வைப்பதையும் விட்டுவிட்டாள். கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்கவே கூசியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவனுடைய பட்டறையைத் தேடிப் போனாள். நீளமான அறை. வயிறு திறந்த பியானோக்கள் இரண்டு. மேசை மேல் வெள்ளைக் கட்டைகள், எண் போட்டு வரிசையாக. அவன் குனிந்து ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முறுக்குச் சாவி கையிலிருந்து நழுவியது.

"வாங்க டீச்சர்."

வழியெல்லாம் பாடம் பண்ணிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு... ஆடினது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?!"

"இந்தக் காதை நம்பித்தானே டீச்சர் பன்னெண்டு வருஷமா பொழைக்கறேன்? உங்களுக்கு அரை அடி பின்னாடி நின்னேன்."

"அப்ப ஏன்... ஏன் சொல்லல?"

"யார் நம்புவா? பதினாறு வருஷம் படிச்சவங்க நீங்க, நேத்து வந்தவன் நான்."

அவள் தலை குனிந்தது. "என்னை மன்னிச்சிடுங்க."

"சரி. மன்னிச்சாச்சு."

இவ்வளவு சுலபமாகவா? அது அவளை அதிகமாகச் சுட்டது. "அப்ப... திரும்பி வருவீங்களா?"

அவன் சாவியைப் பொறுக்கி எடுத்தான். "எப்படி வர்றது? சுருதி சேக்கறவனுக்கு சுருதி தெரியாதுன்னு பேராயிடுச்சு. குழுவுல ரெண்டு பேர், 'எங்க வீட்டுப் பியானோவுக்கு வேற ஆள் பாத்துக்கறோம்'னுட்டாங்க. நீங்க என்னடான்னா என்கிட்ட வந்து உண்மையைச் சொல்றீங்க... எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே டீச்சர்."

"எங்கப்பா பள்ளிக்கூடம்..." என்று ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றான் கம்பியைப் பார்த்தபடி.

தெருவுக்கு வந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் தேடி வந்து மன்னிப்புக் கேட்டவளை உட்காரென்றுகூடச் சொல்லவில்லை, பெரிய இவர்! நாலு தப்படி நடப்பதற்குள் கோபம் கரைந்தது. மிஞ்சியது வெட்கக்கேடுதான்.

கச்சேரிக்கு முந்தின ஒத்திகை. பியானோவைச் சரிபார்க்க அவன் வந்திருந்தான். வேலை முடிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மாஸ்டரம்மா கையை உயர்த்தினார்.

"மேடம், ஒரு நிமிஷம்."

அக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டாள்.

"அன்னிக்குக் குரல் ஆடிச்சே... அது அவரில்ல. நான். எனக்கு மறுநாளே தெரியும். தெரிஞ்சும் மூணு வாரம் வாயைத் தொறக்கல. பயந்துட்டேன்." பியானோ பக்கம் கையைக் காட்டினாள். "அப்புறம், அவரைக் கேலி பண்ணினேனே... அந்தப் பேச்சு எனக்கு இப்ப நெனைச்சாலும் கூசுது."

முதல் வரிசையில் இருந்த அம்மா ஒருத்தர், அவருடைய இரண்டு பிள்ளைகளும் இவளிடம்தான் படிக்கிறார்கள், சட்டென்று தரையைப் பார்த்தார்.

"பாடிக் காட்டுங்க," என்றார் மாஸ்டரம்மா.

"மேடம்..."

"தனியா. எட்டு எண்ணிக்கை."

பாடினாள். ஐந்தாவதில் ஆடியது. எங்கோ ஒரு கிசுகிசு, அடக்கிய சிரிப்பு. சுருதிப்பெட்டி அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று நின்றாள்.

"பழக்கம்," என்றார் மாஸ்டரம்மா, கடுமை இல்லாமல். "நாளைக்குள்ள போகாது. கச்சேரியில அந்த எட்டு எண்ணிக்கைக்கு நீங்க பாடாம நில்லுங்க." பிறகு பியானோ பக்கம் திரும்பினார். "தம்பி, தப்பு என் மேலயும்தான். விசாரிக்காமலே அனுப்பிட்டேன். வந்து உங்க எடத்துல நில்லுங்க."

அவன் வந்து நின்றான். பாட்டு ஓடியது. கடைசிக் கட்டத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாள். பாடாமல் நின்றபோதுதான் முதல் முறையாகக் கேட்டாள், பின்னாலிருந்து வந்த அந்தக் குரலை... நேராக, கொஞ்சமும் பிசகாமல். இத்தனை நாள் இதைக் கேட்க விடாமல் தன் சத்தமே குறுக்கே நின்றிருக்கிறது! கண் நிறைந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு அரங்கின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மாலை வெளிச்சத்தில் தூறல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஆட்டோ தேடிப் போயிருந்தாள். அவன் பையோடு வந்து இரண்டு படி கீழே நின்றான்.

"எனக்காகவா சொன்னீங்க?"

"அப்படித்தான் நெனைச்சு முன்னாடி வந்தேன். நின்னப்புறம் யார் ஞாபகமும் வரல. சொல்லாட்டி இனிமே எந்தக் கொழந்தைக்கும் பாட்டுச் சொல்லித் தர முடியாதுன்னு மட்டும் தோணிச்சு."

அவன் தலையாட்டினான்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றாள். "ஆனா இப்ப சொன்னா, செஞ்ச தப்புக்குப் பரிகாரம்னு நெனைச்சுப்பீங்க..."

"சொல்லுங்க."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தத் தப்பெல்லாம் பண்றதுக்கு முன்னாடிலேர்ந்தே."

சொல்லிவிட்டாள்! அவன் பையைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். மறுபடி வைத்தான்.

"டீச்சர்... நான் ஒண்ணு ஒத்துக்கணும். அன்னிக்குப் பழியை ஏத்துக்கிட்டது ஒண்ணும் பெருந்தன்மை இல்ல. என்னைக்காவது உங்களுக்கு உண்மை தெரியும், தெரிஞ்சா என்னைத் தேடி வருவீங்கன்னு ஒரு நப்பாசை. ரெண்டு வாரம் பட்டறைக் கதவையே பாத்துட்டிருந்தேன். நெஜமாவே வந்து நின்னப்ப, இவ்ளோ நாள் காக்க வெச்சிட்டாங்களேன்னு கோவம். உக்காருங்கன்னுகூடச் சொல்லாம குத்திக் குத்திப் பேசிட்டேன்." காது மடல் வரை சிவந்திருந்தான். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். வெக்கமா இருக்கு."

அவள் அவனையே பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நல்லா வெக்கப்படுங்க," என்றாள். "மூணு வாரமா நான் ஒருத்தியேதான் பட்டுக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு, படியில் கொஞ்சம் நகர்ந்து, அவன் உட்கார இடம் விட்டாள்.