ஏழாம் படிக்காரி

"இரண்டு நாடிகள். ஒன்றுக்கு அனுமதி இல்லை" என்று சொல்லிவிட்டு நாடிக்கதவு திறக்க மறுத்தது.

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. தூத்துக்குடியை அடுத்த கடலோர உளவு மையத்தின் உள்ளறைக்கு அவள் தினமும் வரும் வழிதான். கதவு ஒருநாளும் இப்படி மல்லுக்கு நின்றதில்லை. அட்டை, கடவுச்சொல், கைரேகை எல்லாம் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒருவரின் இதயம் துடிக்கும் விதம் இன்னொருவருக்கு வராது. கதவு அதைக் கேட்டே ஆளைக் கண்டுபிடிக்கும். அந்த ஆள் எந்த ரகசியம் வரை தாங்குவார் என்பதைத் தகுதிமானி என்ற இயந்திரம் முடிவு செய்யும். அவர் சொன்ன பொய்கள், பட்ட ஆசைகள், உறவுக்காரர்களின் லட்சணம் எல்லாவற்றையும் அலசி, ஒன்று முதல் ஏழு வரை ஒரு படியில் நிறுத்தும். அது வந்த பிறகு நாட்டில் ஒரு ரகசியம்கூடக் கசிந்ததில்லை.

கதவு மறுபடியும் அதையே சொன்னபோதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, அலுவலகம் என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்தாள். எத்தனை வருடக் காத்திருப்பு! கணவன் அமலுக்கு முன்னால் ஒரு கதவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

மையத்தின் தலைவர் திருமாறன் ஓடிவந்தார். தகுதிமானியை வடிவமைத்தவரும் அவர்தான்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா நீ உள்ள வராம எப்படி? அந்த வேலைய இன்னொருத்தர் கையில குடுக்க முடியுமா?"

முடியாதுதான். அந்நிய நாடு ஒன்று நம் கடலடியில் ஒட்டுக்கேட்கும் கருவிகளைப் புதைத்து வைத்திருந்தது. அவற்றைக் கண்டுபிடித்தவள் ஜெசிந்தா. பிடுங்கி எறியலாம் என்றவர்களைத் தடுத்து, அந்தக் கருவிகளின் காதில் பொய்ச் செய்திகளை ஓதத் தொடங்கினாள். எந்தப் பொய்யை எப்போது சொல்வது என்பது அவளுக்கு மட்டுமே கைவந்த வித்தை.

"அப்ப பிள்ளைக்கும் தகுதி வாங்கிரலாம் சார்" என்றாள்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். திருமாறன் அதையே விண்ணப்பமாகப் போட்டுவிட்டார். தகுதிமானி தயங்கவே இல்லை. பொய் சொன்னதில்லை, பேராசை இல்லை, தவறான சிநேகிதம் இல்லை. உறவில் ஒருவர் ரகசியத்தை உளறினால் பிள்ளைகுட்டி உட்பட எல்லோருடைய படியும் பறிபோகும் என்பது விதி. தாய் ஐந்தாம் படியில் இருப்பவள் என்பதால் அந்தக் கவலையும் இல்லை. கருவுக்கு ஏழாம் படி கிடைத்தது.

திருமாறனே ஆறாம் படியில்தான் இருந்தார். "ஏழாம் படிக்கு வந்த முதல் ஆளு உன் வயித்துல இருக்கும்மா!" என்று அவர் மார்தட்ட, மையமே மக்ரூன் தின்று கொண்டாடியது. அன்று முதல் கதவு அவளுக்குத் தாராளமாகத் திறந்தது.

ஏழாம் படியில் இருப்பவர் வெளி மருத்துவமனைக்குப் போகக் கூடாது. அதனால் மையத்தின் மருத்துவப் பிரிவிலேயே பிரசவம் நடந்தது. அமல் படகு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். எந்தப் படியிலும் இல்லாதவன். பார்வையாளர் கூடத்தில் தன்னைப் போன்ற வெளியாட்களோடு காத்திருந்தான்.

பெண் குழந்தை. அழுகுரல் கேட்டது. ஜெசிந்தா முகத்தைப் பார்ப்பதற்குள் தொட்டில் வண்டி மூடிக்கொண்டு, தானாகவே உருண்டு, சுவர்க்கதவுக்குள் மறைந்துவிட்டது.

"எங்க கொண்டு போகுது?"

செவிலி சுவர்க்கதவைத் தள்ளிப் பார்த்தாள். சுவரிலிருந்து தகுதிமானி பணிவாகப் பதில் சொன்னது. "ஏழாம் படியில் இருப்பவரின் இருப்பிடம் ஏழாம் படி ரகசியம். அதை அறிய உங்களுக்குத் தகுதி இல்லை. குழந்தை நலமாக இருக்கும்."

திருமாறன் வந்து கட்டளையிட்டார், பிறகு கெஞ்சினார். அவருக்கும் அதே பதில்தான். எதிரி கடத்திவிடக் கூடாதே என்று அந்த விதியை எழுதியவரே அவர். விதியை மாற்ற வேண்டுமானால் ஏழாம் படியில் இருப்பவர்தான் சொல்ல வேண்டுமாம்.

"நான் மேலிடத்துல பேசுறேம்மா. ஒரு குழு போடுவாங்க. ஆறு மாசத்துக்குள்ள..."

"ஆறு மாசமா?"

பால் சுரந்து ஜெசிந்தாவின் ரவிக்கை நனைந்திருந்தது. ஆனாலும் அழுதுகொண்டு கிடக்க அவளால் முடியாது. எதிரியிடம் பொய் சொல்லியே பேர் வாங்கியவள், இந்த முறை உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கூடத்துக்கு வந்தாள்.

திருமாறனுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்மா! அத்தனையும் உன் உழைப்பு!"

"இந்தாங்க, நல்லாக் கேட்டுக்கோங்க" என்று அமலைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "மணப்பாட்டுக்குக் கிழக்க கடலுக்கடியில ஒட்டுக்கேக்குற கருவி இருக்கு. அது இருக்கிறது எங்களுக்குத் தெரியும். இத்தனை நாளா அதுக்குப் பொய்யா ஊட்டிக்கிட்டு இருந்தது நான்தான்."

பழம், பால்பவுடர் டப்பாக்களோடு நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. தகுதிமானியின் காதிலும்தான். பணம், பயம், கோபம், ஆசை என்று எதற்கு அவள் மசிவாள் என்று அது சோதித்திருந்தது. எதற்கும் மசியவில்லை. பிள்ளையைப் பிடித்து வைத்தால் என்ன செய்வாள் என்று மட்டும் சோதிக்கவில்லை. பிடித்து வைக்கப்போவது அதுவேதான் என்று திருமாறனுக்கும் தோன்றியதில்லை.

சுவர்க்கதவு திறந்தது. தொட்டில் வண்டி உருண்டு வந்து அவள் முன்னால் நின்றது.

"துரோகியின் மகள். எல்லாப் படிகளும் பறிக்கப்பட்டன. இவர் எங்கிருந்தாலும் மையத்துக்குக் கவலையில்லை."

ஜெசிந்தா குழந்தையை அள்ளி எடுத்து, அதன் முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். மூக்கு அப்படியே அமலுடையது. திருமாறன் பக்கத்து நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"பதினாலு வருஷம் உள்ள போட்டிருவாங்கம்மா" என்றார்.

"போடட்டும் சார். நான் எந்த ஜெயில்ல இருக்கேன்னு என் மகளுக்குத் தெரியும்ல?"

காவலர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.