விபத்து நாளின் காப்பி

ஒரகடம் தொழிற்சாலையின் மாடி மீட்டிங் ரூமில் அன்று கூடியிருந்தவர்கள் உட்கார்ந்திருந்த வரிசை இது. மேசையின் தலைமாட்டில் தொழிற்சாலைத் தலைவர் ஜகந்நாதன். அவருக்கு வலப்பக்கம் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் வேதாந்த். இடப்பக்கம் உற்பத்தி மேலாளர் இசக்கியப்பன், ஊர் திருநெல்வேலிப் பக்கம். எதிரே மரகதவல்லி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்து அறிக்கை எழுதுகிறவர். அவருக்குப் பின்னால் சுவரோரமாக அவருடைய உதவியாளர் தாமஸ், போலீஸில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவருகே ஃபிரடி, காலி நாற்காலி இரண்டு கிடந்தும் நின்றுகொண்டுதான் இருந்தான். கீழே கேட்டில், செக்யூரிட்டி கூண்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அவனுடைய அம்மா சவரியம்மாள். அவளுக்கு மேலே வர அனுமதி இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, சவரியம்மாளின் இளைய மகன் ஜாக்சன் பிரஸ் மெஷினுக்குள் குனிந்து அதன் அச்சான டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பிரஸ் இறங்கிவிட்டது. ஆள் உள்ளே இருந்தால் பிரஸ்ஸை இறங்கவிடாத சென்சார் ஒன்று அதில் உண்டு. அன்று அது ஆஃப் செய்யப்பட்டிருந்தது.

“யார் ஆஃப் பண்ணினதுன்னா, அவனேதான்” என்றார் ஜகந்நாதன். “அவன் கார்டு போட்டு ஆஃப் பண்ணினதா மெஷின் ரெக்கார்டு சொல்றது. தன் தலையில தானே கல்லைப் போட்டுண்டா கம்பெனி என்ன பண்ணும்?”

“இப்ப இருக்கிற ரெக்கார்டு அப்படிச் சொல்லுது” என்றார் மரகதவல்லி. “விபத்து நடந்த ராத்திரி எடுத்த காப்பியைக் கேட்டிருந்தேனே?”

வேதாந்த் மென்மையான குரலில் விளக்கினார். இந்தக் கட்டடத்தில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. மெஷின்களின் ரெக்கார்டு எல்லாம் அதற்குள் இருக்கிற டிஸ்க்குகளில் சேரும். மறைமலை நகரில் இருக்கும் இன்னொரு பிளான்டில் இதே மாதிரி இரண்டாவது பெட்டி. தினமும் ராத்திரி இங்கே இருப்பது அங்கே காப்பியாகப் போய் உட்காரும். இங்கே ஏதாவது கெட்டால் அங்கிருந்து ரெஸ்டோர் செய்து எடுத்துக்கொள்ளலாம்.

“ஆனா அந்த ராத்திரி காப்பி அங்க இல்ல, மேடம். போகவே இல்லன்னு அர்த்தம். காப்பி போச்சான்னு காலையில பார்க்கிறது ஃபிரடியோட வேலை. பாவம், தம்பி செத்த துக்கத்துல விட்டுட்டான். நான் அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன்.”

“போச்சு சார்!” ஃபிரடியின் குரல் உடைந்தது. “ஸ்கிரீன்ல பச்சையா வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். பொணம் ஆஸ்பத்திரில கீது, நான் வந்து பாத்துட்டுத்தான் போனேன்.”

“ஏலே, அழாம சொல்லு” என்று மேசையைத் தட்டினார் இசக்கியப்பன். “நாலு நாளா லைன் நிக்கி. ஒரு முடிவு சொல்லுங்க, எனக்கு மெஷின் ஓடணும்.”

தாமஸுக்கு அந்த மனிதரைப் பார்த்த மாத்திரத்தில் கை துறுதுறுத்தது. சாவு வீட்டில் லைனைப் பற்றிப் பேசுகிறவன் கொலைகூடச் செய்வான் என்பது அவர் சர்வீஸ் அனுபவம்.

“பெட்டியில எத்தனை காப்பி நிக்கும்?” என்றார் மரகதவல்லி.

“அது மறைமலை நகர்ப் பசங்க வைக்கிறது. அந்தச் சில்லறை செட்டிங் எல்லாம் எனக்குத் தெரியாது” என்றார் வேதாந்த்.

“முப்பது மேடம்” என்றான் ஃபிரடி. “நான் சேர்ந்தப்போ அப்படித்தான் சொன்னாங்கோ. நான் கான்ட்ராக்ட், பட்டன் அமுக்கலாம், உள்ள பாக்க பர்மிஷன் இல்ல. அதுக்கப்புறமும் நானே நெறைய எடுத்தேனே? வேதாந்த் சார்தான் எடுக்கச் சொன்னாரு.”

“ஆமா, சொன்னேன்” என்று தலையசைத்தார் வேதாந்த். “பூஜை அன்னிக்கு மதியம் மறைமலை நகர் போய் நானே பெட்டியைப் பார்த்தேன். ஒரு டிஸ்க்ல ஆரஞ்சு லைட் எரிஞ்சுது. டிஸ்க் சாகப்போற அறிகுறி. பதறிட்டேன். அடக்கம் முடிஞ்சு இவன் வந்தான். ‘உன் தம்பியோட ரெக்கார்டுப்பா, போயிடக் கூடாது, உன் கையாலேயே திரும்பத் திரும்பக் காப்பி எடு’ன்னேன். டீ வாங்கிக் குடுத்துப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

“எப்ப நிறுத்தினே?” என்று ஃபிரடியைக் கேட்டார் மரகதவல்லி.

“சார் ‘போதும்’னாரு. நிறுத்திட்டேன்.”

“அதுக்குள்ள டிஸ்க்கை மாத்திட்டாங்களா?”

“இல்லியே மேடம்.”

மரகதவல்லி எழுந்தார். கீழே இறங்கும்போது இங்கிருக்கும் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாகப் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. “இங்க பூஜை போடலியா?” என்று காவலாளியைக் கேட்டார். சாவு விழுந்ததால் ஒரகடத்தில் பூஜையை நிறுத்திவிட்டார்களாம். மறைமலை நகரில் மட்டும் சுண்டல், பொரி, பூசணிக்காய் என்று ஒன்றும் குறையவில்லையாம்.

கேட்டில் சவரியம்மாள் எழுந்து நின்றாள். வடக்குப்பட்டில் தாமஸும் அவளும் ஒரே சர்ச். அவரைத்தான் கேட்டாள்: “இன்னாண்ணா சொல்றாங்கோ? எம்புள்ள அவனே பண்ணிக்கினான்னா?”

தாமஸ் தரையைப் பார்த்துக்கொண்டு காரில் ஏறினார்.

போகிற வழியெல்லாம் அவர் பொரிந்து தள்ளினார். “மேடம், அந்த இசக்கியப்பன்தான். பூஜை லீவுக்கு முன்னாடி டார்கெட் முடிக்கணும்னு சென்சாரை ஆஃப் பண்ணிட்டு, அப்புறம் ரெக்கார்டை மாத்திட்டான். ஆளைப் பார்த்தாலே தெரியலையா?”

“பாதி சரி தாமஸ் அண்ணா. டார்கெட்டுக்காகத்தான் ஆஃப் பண்ணியிருக்காங்க. ஆனா இசக்கியப்பன் தன்னோட மெயில் பாஸ்வேர்டையே மாசத்துக்கு ரெண்டு தடவை மறந்துடுவாராம். வேதாந்த்தான் மாத்திக் குடுப்பாராம். அவரால ரெக்கார்டுல ஒரு எழுத்தை மாத்த முடியுமா?”

“அப்ப அந்த ஃபிரடிப் பையன்?”

“தம்பியைக் கொன்னவனுக்கு உதவறதுக்கா? பெட்டியைப் பார்ப்போம் வாங்க.”

மறைமலை நகர்ப் பெட்டி இருந்த அறையைத் திறந்துவிட்டவள் ஜாஸ்மின் என்ற இன்ஜினியர். உள்ளே நுழைந்ததும் தாமஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்புப் பெட்டியின் முகம் முழுக்கச் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு. பொட்டு என்பதைவிட அப்பல் என்று சொல்ல வேண்டும். எல்லாம் காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது. எந்த விளக்கும் கண்ணில் படவில்லை.

மரகதவல்லி ஓரத்துப் பொட்டு ஒன்றை நகத்தால் சுரண்டப் போனார்.

“ஏம்மா! இன்னா பண்றே நீ?” வாசலில் துடைப்பத்தோடு நின்றாள் அங்கே பெருக்கித் துடைக்கும் கோமதியம்மாள். “அடுத்த பூஜை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நான் வெச்ச பொட்டு அது.”

“எப்ப வெச்சீங்க அம்மா?”

“பூஜை அன்னிக்குக் காலைல. எல்லா மிஷினுக்கும் நான்தான். இதுக்கு நெத்தி எதுன்னே தெரில. அந்தக் குட்டி லைட்டு எரியிற எடந்தான் நெத்தின்னு அதுமேலயே வெச்சேன்.”

“பூஜைக்கு அப்புறம் யாராவது வந்தாங்களா?”

“தேங்கா ஒடச்சதும் பூட்டினு போனாங்கோ. யார் வரப்போறாங்கோ?”

மரகதவல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொட்டின் ஓரத்தையும் லேசாகச் சுரண்டினார். அடியில் எரிந்தது எல்லாமே பச்சை. ஆரஞ்சு ஒன்றுகூட இல்லை.

பிறகு ஜாஸ்மின் திரையைத் திறந்து காட்டினாள். நிற்பது முப்பது காப்பி இல்லை, ஏழு. முப்பது என்றிருந்ததைப் பூஜை அன்று யாரோ ஏழாகக் குறைத்திருந்தார்கள். பொதுப் பாஸ்வேர்டு, எந்தப் பிளான்டில் உட்கார்ந்தும் மாற்றலாம், இரண்டு பிளான்டிலும் பாதிப் பேருக்குத் தெரியும், ஆள் பெயர் விழாது.

“ஏழு நிரம்பினா அப்புறம்?” என்றார் தாமஸ்.

“எட்டாவது உள்ள வந்தா இருக்கிறதுலயே பழசு தானா வெளிய விழுந்துடும் சார். ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல பின்னாடி ஏறுறவன் தள்ளத் தள்ள, முன்னாடி படியில நிக்கிறவன் கீழ விழுவானே, அந்த மாதிரி. யாரும் அழிக்கத் தேவையில்ல. அன்னிக்கு சாயங்காலம் ஃபிரடி ஏழு தடவை எடுத்திருக்கான். ஆறாவது வரைக்கும் விபத்து ராத்திரி காப்பி உள்ளதான் இருந்திருக்கு.” அவள் சற்று நிறுத்தினாள். “ஏழாவதுல விழுந்துடுச்சு.”

தாமஸ் குற்றவாளிகளை நிறையப் பார்த்தவர். பிணங்களையும் பார்த்தவர். ஆனாலும் அந்தக் குளிர்ந்த அறையில் அவரால் நிற்க முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை மீண்டும் அதே மீட்டிங் ரூம். இந்த முறை மரகதவல்லி பேச்சை நீட்டவில்லை.

“நல்ல செய்தி. விபத்து ராத்திரி காப்பி மறைமலை நகர்லயே இருக்கு. எட்டாவதா, கடைசியில. ஜாஸ்மின் இப்ப அதை ரெஸ்டோர் பண்ணிட்டு இருக்காங்க.”

“இருக்காது” என்றார் வேதாந்த்.

“ஏன்?”

“ஏழுக்கு மேல நிக்காது மேடம். அது எப்பவோ விழுந்...”

வாக்கியம் பாதியில் நின்றது.

“நேத்து அந்தச் சில்லறை செட்டிங் தெரியாதுன்னீங்க” என்றார் மரகதவல்லி. “மறைமலை நகர்ப் பெட்டியில பூஜை அன்னிக்குக் காலையிலேயே எல்லா லைட்டையும் சந்தனம் மூடிடுச்சு. மதியம் போனவர் ஆரஞ்சைப் பார்த்திருக்க முடியாது. பச்சையைக்கூடப் பார்த்திருக்க முடியாது. நீங்க போகவே இல்ல. இங்க பூஜை நின்னுபோச்சு, அதனால அங்கேயும் பெட்டி இதே மாதிரி வெறுமனே இருக்கும்னு நினைச்சுட்டீங்க.”

“நான்... பழைய ஞாபகத்துல...”

“இன்னொண்ணு. டிஸ்க் சாகப்போறதுன்னு நிஜமாவே பயந்தவன், டிஸ்க்கை மாத்துற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருக்கச் சொல்லுவான். நீங்க பக்கத்துல உக்காந்து எண்ணினீங்க. ஏழு ஆனதும் ‘போதும்’னு சொன்னீங்க. மதியமே இங்க இருக்கிற ரெக்கார்டுல ஜாக்சன் கார்டைப் போட்டு மாத்தியாச்சு. மாத்தாத காப்பி அங்க ஒண்ணுதான். அதைத் தள்ளிவிட ஏழு தள்ளு வேணும்.”

இசக்கியப்பன் மெதுவாக எழுந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. “அன்னைக்கு சென்சார் ஓயாம மெஷினை நிப்பாட்டுதுன்னு நான்தான் இவருக்குப் போன்ல கத்துனேன். ‘சீட்ல இருந்தே பாத்துக்கிடுதேன், நீங்க ஓட்டுங்க’ன்னாரு. அதுக்குப் பொறவு மெஷின் நிக்கவே இல்ல. நானும் சரியாப்போச்சுன்னுல்லா நெனச்சேன். அடப்பாவி!”

ஜகந்நாதன் வேதாந்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “அதை ஏன்யா இந்தப் பையனை விட்டுப் பண்ணச் சொன்னே?” என்றார் கடைசியில்.

வேதாந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் அப்போதும் அந்த மென்மை மாறவில்லை. “வேற யார் எடுத்திருந்தாலும் ஏன் இத்தனை தடவைன்னு கேட்டிருப்பாங்க சார். அண்ணன்காரன் எடுத்தா யார் கேப்பா?”

தாமஸ் அவருடைய சட்டையைப் பிடிக்க எழுந்தார். மரகதவல்லி கையை நீட்டி உட்கார வைத்தார்.

ஃபிரடி இதையெல்லாம் கேட்டானா என்று தெரியவில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மேடம், ஆறோட நிறுத்தியிருந்தா?”

அந்த அறையில் ஃபிரடியைத் தவிர இருந்த ஐந்து பேரில் யாராவது ஒருவர் பொய் சொல்லியிருக்கலாம். மரகதவல்லி பொய் சொல்லவில்லை.

“இருந்திருக்கும்” என்றார்.

மாலை, ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த தன் அலுவலகத்தில் மரகதவல்லி அறிக்கையை எழுதி முடித்தார். சென்சாரை ஆஃப் செய்தவர் வேதாந்த். விபத்துக்கு ஜாக்சன் பொறுப்பல்ல. இசக்கியப்பனின் வாக்குமூலம் இணைப்பு. ஒரு பிரதி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, ஒன்று போலீஸுக்கு, ஒன்று தொழிற்சாலை ஆய்வாளருக்கு. விதிப்படி கடைசிப் பிரதி இறந்தவரின் தாய்க்கு.

ஃபிரடி மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்து அவன் கேட்டது காசோ வேலையோ இல்லை.

“நான் எடுத்ததுதான் அதைத் தள்ளிச்சுன்னு ஒரு வரி வருமே மேடம். அதை மட்டும் அம்மாவுக்குப் போறதுல எடுத்துடுங்க. உங்க கால்ல வுழறேன்.”

“அந்த வரி இல்லேன்னா வேதாந்த் பண்ணினது குத்தமே இல்லாமப் போயிடும், ஃபிரடி. காப்பி தானா விழுந்ததுன்னு அவர் வக்கீல் சொல்லுவார். நாலு பிரதியும் ஒண்ணாத்தான் இருக்கணும். ஒண்ணு மாறினா நாலும் செல்லாது.”

“அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம்.”

“அது எனக்குத் தெரியும்” என்றார் மரகதவல்லி.

தாமஸுக்கும் தெரியும். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடுகிறவள் சவரியம்மாள். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் ஜாக்சன்தான் சத்தமாக வாசித்துச் சொல்வான். இனிமேல் அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான்.

“வாசிக்கும்போது அந்த வரியைத் தாண்டிப் போறது உன் இஷ்டம்” என்றார் மரகதவல்லி. “எழுதாம விடறது என் இஷ்டம் இல்ல.”

அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

தாமஸ் நான்கு உறைகளிலும் பசை தடவி ஒட்டினார். மூன்று நன்றாக ஒட்டிக்கொண்டன. சவரியம்மாளின் பெயர் எழுதிய உறையை மட்டும் இரண்டு கட்டைவிரலாலும் சற்று அதிக நேரம் அழுத்த வேண்டியிருந்தது. தபால் ஆபீஸ் கவுண்டரை மூடுவதற்குள் ஓடினார். உள்ளே இருந்த பெண் ஒவ்வொன்றாக எடைபோட்டு, ரசீது கிழித்து, முத்திரை குத்தினாள்.

“இது வடக்குப்பட்டுதானே? பக்கத்துல கீற ஊரு. நாளைக்கே போயிடும் சார்” என்று சொல்லி, கடைசி உறையையும் பைக்குள் போட்டாள்.