இணைக்காப்பு

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டதும் சவரியம்மாள் தன் வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“சவரி, இருக்கியா? இல்ல, நான் வேற ஜோடி தேடணுமா?”

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய்தான். தூத்துக்குடிக் கடலோர அடுக்குமாடிக் கோபுரங்களில் எழுபதைத் தாண்டிய பலர் வீட்டிலும் இந்த நேரத்துக்கு இப்படி ஒருவர் வந்து நிற்பார். சற்று நேரம் உட்கார்ந்து பேசுவார், முகத்தையும் நடையையும் கவனிப்பார். பிறகு தன் மணிக்கட்டில் இருக்கும் சாட்சிப்பட்டையை அழுத்தி, “பார்த்தேன், குறையில்லை” என்பார்.

பேச்சித்தாயும் சொன்னாள். ஆனால் போகவில்லை. மூடி போட்ட தம்ளரில் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்த காப்பியைச் சவரியம்மாளின் இடது பக்கமாக வைத்தாள். ஒரு மாதமாக இதே கதைதான். சவரியம்மாளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. எதையும் ஊற்ற விடுவதில்லை.

“இன்னைக்கு மத்தியானத்தோட கெடு முடியுது, தெரியும்லா?” என்றாள் பேச்சித்தாய்.

“அதுக்கென்னக்கா இப்போ?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

சும்மாவா கேட்பாள்! அவள் போனதும் சவரியம்மாள் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

முதியோருக்கு அரசு இரண்டு மருத்துவக் காப்பீடுகளை வைத்திருந்தது. தனிக்காப்பு எடுத்தால் தோலுக்கடியில் ஓர் உணரி. அது இரவும் பகலும் உடம்பைக் கவனித்து, குறை கண்டால் ஆளைப் பேணகத்துக்கு அனுப்பிவிடும். அங்கே சோறும் மருந்தும் உண்டு, சொந்தக் கதவு கிடையாது. சொந்த வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டவர்கள் இணைக்காப்பு எடுத்தார்கள். அதில் ஒருவருக்கு ஒருவர் சாட்சி. நோயை மறைத்தது வெளியே தெரிந்தால் மறைத்தவருக்குப் பேணகம், மறைக்க விட்டவருக்குக் காப்பே இல்லை. ஆண்டுக்கொரு முறை வைக்கும் கெடுவுக்குள் ஜோடியைக் காட்டிக்கொடுத்தால் மட்டும் தப்பிக்கலாம்.

ஒன்பதாம் மாடி ரெஜினாளை அவள் ஜோடி அப்படித்தான் காட்டிக்கொடுத்தாள். அதற்கு முந்தின ஞாயிறுதான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டுப் பூசை பார்த்திருந்தார்கள்.

தன் கை நடுக்கத்தைப் பேச்சித்தாய் கண்டுகொண்டாள் என்பதில் சவரியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காப்பியும் ஒரு சோதனைதான். முந்திக்கொண்டால் பிழைக்கலாம். பேச்சித்தாய்க்கு நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைக்கிறது. அதைச் சொன்னால் போதும். மாதா படத்தை ஏறிட்டுப் பார்க்காமலே கிளம்பினாள்.

கீழ்த்தளத்துக் காப்பீட்டு நிலையத்தில் ஒரு சொல்பொறி இருந்தது. “யாரைப் பற்றி அறிவிக்கிறீர்கள்?” என்று இதமாகக் கேட்டது.

பெயர் நாக்கு நுனியில் நின்றது. வரவில்லை. “வேற வழி இருக்கா?” என்றாள்.

“கூட்டறிவிப்பு உண்டு. இணையர் இருவரும் சேர்ந்து வந்து தங்கள் குறைகளைச் சொன்னால் மறைத்த பிழை மன்னிக்கப்படும். வீட்டிலேயே சிகிச்சை கிடைக்கும்.”

“பெறகு ஏன் யாரும் அதை எடுக்கல?”

“இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் சேர்ந்து வரவில்லை.”

ஏன் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? சேர்ந்து வர வேண்டுமானால் முதலில் ஜோடியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்ன மறுநிமிடம் அந்த ஜோடி தனியாக இங்கே ஓடிவந்துவிட்டால்?

பேச்சித்தாய் வீட்டு வாசலில் சவரியம்மாள் நெடுநேரம் நின்றாள். கதவு திறந்ததும் முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். அது காற்றில் இலை போல ஆடியது.

“போன மாசமே தெரியும்” என்றாள் பேச்சித்தாய். “வெந்நியக் கால்ல கொட்டிக்கிடப் பார்த்தியே, அன்னைக்கு. அதுக்குத்தானே மூடி போட்ட தம்ளரத் தூக்கிக்கிட்டு அலையுதேன்.”

“தெரிஞ்சுமா தினமும் குறையில்லன்னு சொன்ன? மாட்டியிருந்தா உன் காப்பும்லா போயிருக்கும்!”

“அந்தப் பொய்யச் சாமி பார்த்துக்கிடும். கெடு முடியுறதுக்குள்ள நீயா வாயத் திறக்க மாட்டியான்னுதான் காலையில கேட்டேன். கையப் பத்தி நானாக் கேட்டா, இவ காட்டிக்கொடுக்கப் போறான்னு பயந்துருவ.”

சவரியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். “அக்கா, உன் மூச்சிரைப்பச் சொல்லத்தான் கீழ போனேன்.”

பேச்சித்தாய் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். “சொன்னியா?”

“இல்ல.”

“பொறவென்ன, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிருவோம், நட. நேரமாவுது.”

நிலையத்தில் காத்திருந்தவர்கள் இருவரையும் முறைத்துப் பார்த்தார்கள். ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்க இப்படியா ஜோடியாக வருவார்கள் என்ற பார்வை. சொல்பொறி இருவரையும் தன் முன்னால் இருந்த தகட்டில் கை வைக்கச் சொன்னது. சவரியம்மாளின் கை நிலைகொள்ளாமல் நழுவியது. பேச்சித்தாய் அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். இரண்டும் சேர்ந்து ஆடின.

“நடுக்கம் தெரிகிறது. இது யாருடைய கை?”

சவரியம்மாள் வாய் திறப்பதற்குள் பேச்சித்தாய், மூச்சு வாங்கியபடியே, சொன்னாள்.

“எங்க கைதான்.”