கால்வீடு

மணல் காயவில்லை.

சாரா உம்மாள் குவியலுக்குள் விரல்களை விட்டுப் பார்த்தாள். ஈரம். இரண்டு நாளாக அவள் அதில் தண்ணீர் தெளிக்கவில்லை. சுண்ணாம்புத் தரை போட்ட நடு அறை, ஓட்டில் ஒழுக்கு இல்லை. ஆனாலும் குவியலின் அடியிலிருந்து பாசியும் செத்த நண்டும் கலந்த வாடை கிளம்பி, சோற்றுப் பானையில், பாயில், மகளின் தலைமுடியில் எல்லாம் ஏறியிருந்தது.

மகன் காதர் கடலோடு போய் ஒரு மாதமாகிறது. ஆறு வயது. கோட்டைப்பட்டினத்துக் கடலுக்கு அலை என்று பெரிதாக இல்லை. சத்தமில்லாமல் ஏறும். கரையில் மணல்வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தவனைக் காணோம். அவன் சிரட்டை மட்டும் மிதந்தது. அடக்கம் பண்ண மையத்து கிடைக்கவில்லை. அவன் அத்தாவுக்குக் கொழும்புக்குத் தந்தி அடித்தார்கள். பாஸ்போர்ட்டுச் சட்டம் வந்த பிறகு நினைத்தவுடன் கப்பலேற முடிவதில்லை; அவர் இன்னும் வந்து சேரவில்லை.

அன்றிலிருந்து மைமூன் கண் தப்பினால் கரைக்கு ஓடினாள். நாலு வயதுப் பிள்ளை. அடித்தும் நிற்கவில்லை.

"அண்ணன் வீடு பாதியில நிக்கிது உம்மா."

இருந்த ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும். சாரா வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அடிக்கச் சொன்னாள். பிறகு கூடை கூடையாகக் கரை மணலை அள்ளி வந்து, காலில் கிளிஞ்சல் குத்தாமல் மாவுச் சல்லடையில் சலித்து, நடு அறையில் கொட்டினாள்.

பக்கத்து வீட்டு ரசியா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி சாரா, பிள்ளையக் கடலுக்கு விடமாட்டேன்னு கடலையே வீட்டுக்குள்ள கூட்டியாந்துட்டியாக்கும்?"

"நீ வேற. தூக்கத்துல கூட வாசலப் பாத்து ஓடுது. இங்கிட்டே கெடந்து வெளையாடட்டும்."

சிரட்டையில் இட்லி அவிக்கக் கற்றுக்கொடுத்தாள். ஈர்க்குச்சியில் பந்தல் போடக் கற்றுக்கொடுத்தாள். கடைசியாகக் கால்வீடு. மகளின் காலை மணலில் வைத்து, மேலே ஈரமணலைக் குவித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள். "ஆடாத. ஆடினா வீடு இடிஞ்சுரும்." மெல்லக் காலை உருவியதும் ஒரு சின்னக் குகை நின்றது. மைமூன் கைதட்டினாள். காதர் போன பிறகு முதல் முறையாக அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இன்று குவியலில் வீடுகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் இருந்த ஒன்றின் வாய் மற்றவற்றைவிட அகலம். அதன் வாயில் ஒரு கிளிஞ்சல் கதவாகச் செருகப்பட்டிருந்தது.

சாரா குனிந்து பார்த்தாள். காதர்தான் கதவு வைப்பான். கதவில்லாத வீட்டில் நண்டு குடிவந்துவிடும் என்பான். சலித்த மணலில் கிளிஞ்சல் ஏது?

"மைமூன், இத யாரு கட்டுனது?"

"நான் கட்டல."

மணலை அள்ளி வெளியே கொட்டிவிட வேண்டும். கூடையை எடுத்து வந்தாள். கிளிஞ்சலைத் தொட்டாள். கை நின்றது. அவன் போன பிறகு அவனிடமிருந்து அவளுக்கு வந்தது இது ஒன்றுதான். நாளைக்குக் கொட்டலாம் என்று நினைத்தாள்.

மாலை அசர் தொழுகைக்கு முன்பே இருட்டிவிட்டது. வாடைக்காற்று ஓட்டை உரசிக்கொண்டு போக, பின்னாலேயே மழை வந்து, தெருவின் சத்தங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. சாரா அடுக்களையில் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழைக்குள் இன்னொரு சத்தம். தட். தட். தட். உள்ளங்கை ஈரமணலைத் தட்டும் சத்தம். மைமூன்தான், வேறு யார்.

மைமூன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

தட். தட்.

சத்தம் நின்றது. அவள் பிடிப்பதற்குள் பிள்ளை நடு அறைக்கு ஓடிவிட்டது.

"உம்மா, கால் வரல."

அகலமான வாய் கொண்ட அந்த வீட்டுக்குள் மைமூனின் கால் கணுக்கால்வரை போயிருந்தது. சாரா விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு காலைக் குவியலில் ஊன்றி இழுத்தாள். வரவில்லை. மணலைப் பறித்தாள். பறித்த இடம் மூடிக்கொண்டது. கையை உள்ளே விட்டாள்.

விரல்கள். சின்ன விரல்கள். குளிர்ந்து, ஊறி, மகளின் கணுக்காலைச் சுற்றி இறுகியிருந்தன.

"ரசியா! ரசியா!"

மழை.

"காதரு. ராசா. தங்கச்சிய விட்டுருப்பா."

விடவில்லை. மைமூன் முழங்கால்வரை இறங்கியிருந்தாள்.

"உம்மா வாரேன். அவள விட்டுரு. உம்மா வாரேன்."

சாரா தன் காலை அந்த வாய்க்குள் நுழைத்தாள்.

பிடி தளர்ந்தது. மைமூன் வெளியே வந்து விழுந்தாள். அடுத்த நொடி அதே பிடி சாராவின் கணுக்காலில். ஊன்றிய மற்றக் காலிலும்.

"ஓடு. கதவத் தொற. ரசியா மாமியக் கூப்புடு."

மைமூன் ஓடினாள். கதவில் கை வைத்தாள். எம்பினாள். மறுபடி எம்பினாள்.

தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது.

மணல் முழங்காலுக்கு ஏறியது. குளிர். இழுத்தாள். இன்னும் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மைமூனுக்கு எம்பி அலுத்துவிட்டது. திரும்பி வந்தாள். சிரட்டையை எடுத்துக்கொண்டாள். உம்மாவின் முன்னால் மண்டியிட்டு, ஈரமணலை அள்ளி வைத்துத் தட்டினாள்.

எதிர்ப்பக்கத்தில் ஆளில்லை. அங்கேயும் மணல் தட்டுத் தட்டாக அமுங்கி, வழவழப்பாகிக்கொண்டு வந்தது. இடுப்புக்கு நேரே ஒரு கிளிஞ்சல் தானாக நிமிர்ந்து நின்றது.

சாரா உதறினாள்.

மைமூன் நிமிர்ந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"ஆடாத உம்மா. வீடு இடிஞ்சுரும்."