அடுத்தவளுக்காக ஒரு நிமிடம்

2074 செப்டம்பர் 9. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பயிற்சி அறைக்குள் போகும்போது என் ஊதியக் கோரிக்கைத் தாளுக்குப் பதிலாக டெல்பினுடைய தாளை எடுத்துப் போய்விட்டேன். மூன்றாவது வரியில்தான் தெரிந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ‘நான்’ என்று இருந்த இடங்களில் எல்லாம் ‘டெல்பின்’ என்று மாற்றிக் கடைசிவரை வாசித்துவிட்டேன். என் குரலுக்கு மானி 91 காட்டியது. எனக்கு அப்படி வர வழியில்லை. கருவி பழுது என்று அங்கிருந்த பதிவேட்டில் குறித்திருக்கிறேன்.

சுகிர்தா பேனாவை மூடினாள். பிறகு திறந்து, ‘பழுது’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். எதையும் ஒரே முறையில் நம்பிவிட அவளால் முடியாது. அதற்குத்தான் நன்னீராலை அவளை வைத்திருந்தது.

தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்த அந்த ஆலை கடல்நீரை வடிகட்டி ஊருக்குக் குடிநீர் அனுப்பியது. வடிசவ்வுகள் நன்றாக இருக்கின்றனவா என்பதை இயந்திரமே பார்த்து ‘சரி’ என்று சொல்லிவிடும். ஆனால் இயந்திரத்தின் ‘சரி’யை ஒரு மனிதக் கண் மறுபடி பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கண்ணுக்கு மறுபார்வையாளர் என்று பெயர். காலை ஆறு முதல் இரண்டு வரை சுகிர்தா மறுபார்வையாளர். நான்கரை முதல் எட்டு வரை மாலைக் கல்லூரியில் நீர்வேதியியல் மூன்றாம் ஆண்டு. வகுப்பு தொடங்குவதற்குமுன், செப்டம்பர் மாதம் முழுக்க, எல்லோரும் ஒத்திகைக்காகப் பயிற்சி அறை வாசலில் வரிசையில் நிற்பார்கள்.

ஊதியம் கேட்கும் மாதம் அது.

முன்பெல்லாம் மேலாளருக்குப் பிடித்தவனுக்கு ஒரு சம்பளம், பிடிக்காதவனுக்கு ஒரு சம்பளம் என்று இருந்ததாம். அதை ஒழிக்கத்தான் திடமானி வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரு நிமிடம். தனக்கு ஏன் கூடுதல் ஊதியம் வேண்டும் என்று ஒவ்வொருவரும் தன் குரலில் சொல்ல வேண்டும். மானிக்குச் சொற்கள் புரியாது. புரிந்தால் ஊர், சாதி, பேச்சு வழக்கு பார்த்து ஓரவஞ்சனை செய்துவிடும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். குரலின் நடுக்கம், இழுவை, மூச்சின் தடுமாற்றம், இவை மட்டுமே அதன் காதில் விழும். தன் மதிப்பு தனக்குத் தெரிந்தவன் தடுமாறமாட்டான் என்பது அதன் கணக்கு. எழுபதுக்கு மேல் வந்தால் ஒரு படி ஏற்றம். வராவிட்டால் அடுத்த செப்டம்பர்.

சுகிர்தாவுக்கு முதல் ஆண்டு 43. போன ஆண்டு 46. போன ஆண்டு ஓரளவு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் “முடிஞ்சா பாருங்க” என்று தானாக வாயில் வந்துவிட்டது. சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தச் சந்தேகம் குரலில் தெரிந்தால் சம்பளம் ஏறாது.

இந்த ஆண்டும் ஏறாவிட்டால் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. மாலை ஷிப்டுக்கு மாற வேண்டும், அதற்குப் படி அதிகம். ஆனால் மாலை ஷிப்டுக்கு மாறினால் மாலை வகுப்பு இல்லை. படிப்புக்குப் பணம் கட்டப் படிப்பையே விட வேண்டும். இதை அவள் நாட்குறிப்பில் மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டாள். மூன்றிலும் அதே விடைதான் வந்தது.

மறுநாள், ஆலையிலும் வகுப்பிலும் அவளோடு இருக்கும் டெல்பின் கேண்டீன் மேசையில் இரண்டு டம்ளர்களை வைத்தாள்.

“ஏட்டி, மானி பழுதுன்னு எழுதி வச்சியாமே? எனக்கு முன்னால நின்னவன் அதுலதான் முப்பத்தெட்டு வாங்கிட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டுப் போறான். அவனுக்கு மட்டும் நல்லா வேல செஞ்சுச்சாக்கும்?”

“எனக்குத் தொண்ணூத்தொண்ணு வருமா? நீயே சொல்லு.”

“வராது” என்றாள் டெல்பின், ஒரு நொடிகூட யோசிக்காமல். பிறகு சுகிர்தாவின் டம்ளரைப் பார்த்தவள் சட்டென்று திரும்பிக் கத்தினாள். “மாமா! இந்தப் பிள்ளைக்கு என்ன, மருந்தா ஊத்திக் குடுத்திருக்கீரு? பாதி டம்ளர்தான் இருக்கு. ஊத்தும் ஒழுங்கா!”

கேண்டீன்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்து நிரப்பிவிட்டுப் போனார். டெல்பின் தன் டம்ளரை எடுத்துக் குடித்தாள். அதிலும் பாதிதான் இருந்தது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

சுகிர்தா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டெல்பின். உனக்கும் பாதிதான் ஊத்தியிருக்காரு.”

“அட விடுட்டி. இதுக்குப் போயா சண்ட போடுவாக?”

“எனக்குப் போட்டியே.”

டெல்பின் அப்போதுதான் தன் டம்ளரைப் பார்த்தாள்.

அன்றைய முதல் வகுப்புக்கு இருவரும் போகவில்லை. பயிற்சி அறையில் சுகிர்தா முறையாக அளந்தாள். தனக்காகப் பேசியபோது 44, 41, 47. டெல்பினுக்காகப் பேசியபோது 88, 92, 90. டெல்பின் தனக்காகப் பேசியபோது, ஊரையே அதட்டும் அந்தக் குரல் பூனைக்குட்டி மாதிரி சுருங்கி, 39. சுகிர்தாவுக்காகப் பேசியபோது 95, கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையோடு.

“கருவி பழுதில்ல” என்றாள் சுகிர்தா. பதிவேட்டில் தான் எழுதியதை அடித்துத் தேதி போட்டாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடமாக அவள் தன்னை மதிப்பில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை செப்டம்பர்களாக, எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டு இந்த அறையை விட்டுப் போயிருப்பார்கள்?

“பேசாம கூண்டுக்குள்ள போயி ஆள மாத்திப் பேசிட்டு வந்துருவோம். மானிக்குத்தான் வார்த்த புரியாதே” என்றாள் டெல்பின்.

“வெளிய உக்காந்திருக்க அண்ணாச்சிக்குப் புரியும்லா.”

“புரிஞ்சா?”

“புரியட்டும்” என்றாள் சுகிர்தா. சொன்ன பிறகு, தான்தான் சொன்னோமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

பதினொன்றாம் தேதி அவர்களுடைய முறை. ஊதிய அலுவலர் பொன்னுலிங்கம் கூண்டுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆலையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இரண்டு வருடமும் அவர்தான் ஆறுதல் சொல்லி அனுப்பினார். “என் கையில ஒண்ணும் இல்லம்மா. மானி சொன்னதுதான்.”

சுகிர்தா அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனாள். பச்சை விளக்கு எரிந்தது.

“டெல்பின் ஆறாம் தொட்டியில மூணு வருசமா நிக்கா” என்று தொடங்கினாள். “போன மார்ச்சுல மிசினு சரின்னு சொன்ன சவ்வுல மயிரு கனத்துல ஒரு கீறல் இருந்துச்சு. அத அவதான் கண்டா. அன்னைக்கு அவ சும்மா விட்டிருந்தான்னா அந்தத் தண்ணி பாதி ஊருக்குப் போயிருக்கும். அதுக்கு அவளுக்கு ஒரு நன்றிகூட யாரும் சொல்லல. ஷிப்ட முடிச்சு, ஈரத் துணி மாத்தாம வகுப்புக்கு வாரா. அவளுக்கு ஒரு படி ஏத்தம் குடுக்கதுல யாரும் உபகாரம் செய்யல. அது அவளுக்குச் சேர வேண்டியது. குடுங்க.”

இன்னும் பதினோரு விநாடி மிச்சமிருந்தது. அவள் ‘முடிஞ்சா பாருங்க’ என்று சேர்க்கவில்லை. கூண்டின் மேலே எண் வந்தது. 94.

அண்ணாச்சி எழுந்தேவிட்டார்.

“எம்மா, நீ டெல்பினுக்குல்லா கேட்ட! ஏத்தம் உன் அட்டையில வந்திருக்கு. இத நான் எப்படிக் குடுக்க?”

“நீங்க எங்க அண்ணாச்சி குடுக்கீய? மானி குடுத்திருக்கு. உங்க கையில ஒண்ணும் இல்லன்னு நீங்கதான சொன்னீய.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சியின் காது சிவந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் முன் தள்ளினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இங்க பாரு. தவறுதலாப் பேசிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு. இன்னைக்கே இன்னொரு நிமிசம் வாங்கித் தாரேன். இல்லன்னா இது விசாரணைக்குப் போவும். ஏத்தமும் போயி வேலையும் போச்சுன்னா என்ன செய்வ? படிக்கிற பிள்ள, யோசி.”

சுகிர்தா யோசித்தாள். யோசிப்பதுதான் அவளுக்குப் பழக்கம். விசாரணையில் தோற்கலாம். வேலை போனால் அக்டோபர் கட்டணம் இல்லை, வகுப்பு இல்லை. கையெழுத்துப் போட்டால் இன்னொரு நிமிடம், இன்னொரு 46, மாலை ஷிப்ட். அதிலும் வகுப்பு இல்லை. அவளுடைய பழக்கப்பட்ட சந்தேகம் எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு முதல் முறையாக ஒரே இடத்தில் வந்து நின்றது.

படிவத்தை இழுத்து, ‘தவறுதலாக’ என்ற சொல்லை அடித்தாள். கீழே எழுதினாள்: ‘தெரிந்தே பேசினேன். மூன்று முறை அளந்து பார்த்த பிறகு பேசினேன். எங்களுக்கு மதிப்பு இருக்கிறதா என்பதை இந்த மானி அளக்கவில்லை. எங்களுக்காக நாங்களே கேட்கக் கூச்சப்படுகிறோமா என்பதை மட்டும் அளக்கிறது. அளந்த எண்கள் இணைக்கப்பட்டுள்ளன. விசாரணை வையுங்கள். வருகிறேன்.’

அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். கையெழுத்தில் தடுமாற்றம் உண்டா என்று அளக்க நல்லவேளையாக அங்கே கருவி இல்லை.

“அடுத்தது நானு” என்று டெல்பின் அட்டையைத் தேய்த்தாள். “எனக்கும் ஒரு பேப்பர எடுத்து வைங்க அண்ணாச்சி. நான் இப்ப இந்தப் பிள்ளைக்காகச் சத்தம் போடப் போறேன். காதப் பொத்திக்கிடுங்க.”

96 வந்தது.

வரிசையில் இப்போது சிரிப்பு இல்லை. பின்னால் நின்ற பாக்கியநாதன் தன் கோரிக்கைத் தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தான். முன்னால் நின்றவனின் தோளைத் தட்டிக் கேட்டான். “ஏல, உன் பேரு என்ன? எந்தத் தொட்டியில நிக்க? வீட்டுல யாரு யாரு இருக்காவ?” இரண்டு வருடமாக ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் அவர்கள். அண்ணாச்சி மேசையைத் தட்டி, மீதி இருபத்தாறு பேருக்கும் நாளைக்குத்தான் என்று சொல்லிக் கூண்டைப் பூட்டினார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து சுகிர்தா பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அண்ணாச்சி அங்கே வந்தார். அவர் பேருந்தில் போகிறவர் இல்லை. படிவங்களை மேலே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். விசாரணை நிச்சயம் வரும் என்றார். அதுவரை ஏற்றம் செல்லும் என்பதையும் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். பிறகும் போகாமல் நின்றார்.

“நாளைக்கு எனக்கும் ஒரு நிமிசம் உண்டு” என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே.

“உங்களுக்கா?”

“பின்ன? நானும் சம்பளத்துக்குத்தான வேல பாக்கேன். பதினோரு வருசமா அம்பத்தஞ்சத் தாண்டுனது இல்ல. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.” தொண்டையைச் செருமினார். “உன்னப் பத்தி ஒரு தாள் எழுதித் தா. ரெண்டு வருசமா உனக்கு இல்ல இல்லன்னு சொல்லி அனுப்புனவன் நான். ஒரு தடவ உனக்காகக் கேட்டுப் பாக்கேன்.”

“உங்களையும் விசாரிப்பாங்களே அண்ணாச்சி.”

“விசாரிக்கட்டும். என் கையில இருக்கது அந்த ஒரு நிமிசந்தான்.”

பேருந்து வந்தது. அன்று அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை.

2074 செப்டம்பர் 11. இரண்டாவது பாடத்தில் கவனம் சிதறியது, ஒரு சமன்பாட்டைத் தப்பாக எழுதிக்கொண்டேன். திருத்த வேண்டும். நாளை: ஆறு மணி ஷிப்டுக்குமுன் அண்ணாச்சியிடம் என்னைப் பற்றிய தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம். நான் செய்த வேலைகள் மட்டும், செய்தது செய்தபடி. ‘முடிந்தால்’ என்ற சொல் வரக்கூடாது.